படத்தில் விழாத முழக்கம்

ரொறன்ரோவில் செம்மான் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இலையுதிர் காலம் தொடங்கியதும் நம்மவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றிவரும். பனிமூட்டத்துக்குள் ஒரு கலைமான், கொம்புக் கிளைகளில் காய்ந்த பன்னச்செடி சிக்கியிருக்க, வாயைப் பிளந்து ஆவி கக்கிக்கொண்டு நிற்கும். அது பெரும்பாலும் லண்டன் றிச்மண்ட் பூங்காவில் எடுத்ததாக இருக்கும். அதைப் பார்த்த உற்சாகத்தில் ஒக்டோபர் மாதம் ஒரு விடியற்காலை ஸ்காபரோவிலிருந்து றூஜ் பள்ளத்தாக்குக்குக் கமராவும் கையுமாகப் போகிறவர் இரண்டு மணி நேரம் நடுங்குவார். முழக்கம் எதுவும் கேட்காது. கடைசியில் வெள்ளை வாலொன்று மரங்களுக்குள் மறைவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவார். நானும் அப்படித் திரும்பியவன்தான்.

இந்த ஏமாற்றத்துக்குக் காரணம் மூன்று. மிருகம் வேறு, மாதம் வேறு. மூன்றாவது, எதைப் பார்க்கப் போகிறோம் என்று படங்கள் நமக்குச் சொல்லித்தந்ததே பிழை. முதலிரண்டையும் விரைவாகத் தீர்த்துவிடலாம். மூன்றாவதுதான் பேசவேண்டியது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் மான்களின் கூடல் காலத்தைப் பற்றிக் குறிப்பேடுகளில் எழுதிவைத்ததையும், படம் பிடிப்பவர்கள் கொண்டுவந்து காட்டியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே மிருகத்தைப் பற்றியவைதானா என்று ஐயம் வரும்.

சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் ஆண் விலங்குகளின் பெயர்களில் கலையையும் இரலையையும், பெண்ணுக்குரியவற்றில் பிணையையும், இளமைப் பெயர்களில் மறியையும் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. கடமானை ஈழத்தில் மரை என்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் 'றட்' என்று ஓரசையில் சொல்லிவிடும் அந்தப் பருவத்துக்கு நம் பேச்சில் தனிச்சொல் இல்லை. அந்த ஆங்கிலச் சொல் முழக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. காதால் கேட்டு வைத்த பெயர். யானைக்கு நாம் மதம் என்கிறோம். ஆனால் மதம் ஒவ்வொரு யானைக்கும் அதனதன் கணக்கில் வருவது. வடநாட்டு மானின் பருவமோ ஊர் முழுவதற்கும் ஒன்றாக வரும் கோயில் திருவிழா மாதிரி. கொடியேறும் நாளும் தீர்த்த நாளும் ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும்.

நமக்குச் சொல் இல்லாமல் போனதற்குக் காரணம் நமது மான்களிடமே இருக்கிறது என்பது என் ஊகம். திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறியவர்கள், வழியில் புள்ளிமான்கள் ஆட்களுக்குள் ஆட்களாக உலாவுவதைக் கண்டிருப்பார்கள். கலைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒன்றின் கொம்பு முற்றிப் பளபளக்கும். இன்னொன்றின் கொம்பை மென்மயிர்த் தோல் மூடியிருக்கும். மூன்றாவது கொம்பை உதிர்த்துவிட்டு மொட்டைத் தலையோடு நிற்கும். மூன்றும் ஒரே நாளில், ஒரே மரநிழலில். குட்டி ஈனுவது சில மாதங்களில் கூடும், சில மாதங்களில் குறையும், முற்றாக நிற்பதில்லை. சென்னை கிண்டியிலும் இதே கதைதான்.

திருகோணமலையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம் அளவில்தான். ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். டிசெம்பரில் 9 மணி நேரத்துக்கும் கீழே இறங்கும். இரவு நீள நீள மானின் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலற்றோனினைக் கூடுதல் நேரம் சுரக்கிறது. அதைத் தொடர்ந்து ஆண் ஹோர்மோன் ஏறுகிறது, ஓகஸ்ட் கடைசியிலிருந்து கொம்பின் தோல் உரிகிறது, கழுத்து தடிக்கிறது. வெள்ளைவால் மானின் சினைக்காலம் 200 நாட்கள் அளவு. நவம்பர் நடுவில் கூடினால் மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் குட்டி, அதாவது புல் தளிர்க்கும் வேளையில். ஆகவே கணக்கு குட்டியிலிருந்து பின்னோக்கிப் போடப்பட்டது. "குளிர் விழுந்தால்தான் மான் கிளம்பும்" என்று இங்கே பலர் நம்புகிறார்கள். கிளப்புவது குளிரல்ல, வெளிச்சம். வெப்பமான நவம்பரிலும் அதே வாரத்தில்தான் எல்லாம் நடக்கும். நாம் தூங்கும் நேரத்தில் நடப்பதால் தெரிவதில்லை, அவ்வளவே.

மிருகக் கணக்கையும் முடித்துவிடுவோம். செம்மான் ஐரோப்பாவின் மிருகம். அதன் வட அமெரிக்க உறவினன் வாப்பிட்டி. இங்குள்ளவர்கள் அதை எல்க் என்கிறார்கள். ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ்; இந்தக் குழப்பத்தில் விழாத பயணி குறைவு. வாப்பிட்டியும் செம்மானும் ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லின. 2004 அளவில் வந்த மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு பிரித்து எழுதுவது வழக்கமாயிற்று. ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகளில் இருப்பதோ இரண்டும் அல்லாத வெள்ளைவால் மான். அதற்கு முழக்கமும் இல்லை, அந்தப்புரமும் இல்லை.

இனி விஷயத்துக்கு வரலாம். கூடல் காலத்தைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கிடக்கும் றம் என்ற சிறு தீவிலிருந்து வந்தது. பரப்பு 100 சதுர கிலோமீற்றரை ஒட்டியது. அதற்கு முன்பே 1930களில் பிறேசர் டார்லிங் என்பவர் ஸ்கொட்லாந்து மலைகளில் மான்களின் பின்னால் அலைந்தார். கோடையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தபோது மான்களை நெருங்குவது இலகுவானதை அவர் பதிவுசெய்திருக்கிறார். அவருடைய புத்தகம் 1937இல் வந்தது. றம் தீவில் 1972இல் வடபகுதி மான்களைச் சுடுவதை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அங்கே பிறந்த ஏறக்குறைய ஒவ்வொரு மானுக்கும் சாதகக் குறிப்பு மாதிரி ஒரு பதிவு உண்டு: எப்போது பிறந்தது, தாய் யார், எந்தக் கலையோடு சேர்ந்தது, எத்தனை குட்டி, எப்போது செத்தது. பியோனா கின்னஸ் என்ற பெண்மணி நூற்றுக்கணக்கான மான்களை முகம் பார்த்தே அடையாளம் சொல்லுவார். அவரும் ரிம் குளட்டன்-புறொக், ஸ்டீவ் அல்பன் ஆகியோரும் சேர்ந்து 1982இல் வெளியிட்ட நூல் இன்றுவரை இத்துறையின் மூலநூல்.

அவர்கள் கண்டதில் முதன்மையானது முழக்கத்தின் பொருள். செம்மான் கலை செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் பிணைக் கூட்டமொன்றைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு இரவு பகலாக முழங்கும். வேறொரு கலை எதிரே வந்தால் உடனே மோதுவதில்லை. இது முழங்க, அது முழங்க, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஒருவரால் ஈடுகொடுக்க முடியாமல் போனால் கதை அங்கேயே முடிந்தது, வந்தவர் திரும்பிவிடுவார். 1979இல் குளட்டன்-புறொக்கும் அல்பனும் எழுதிய கட்டுரை இதை நேர்மையான விளம்பரம் என்றது. முழங்குவதற்கு வேண்டிய தசையும் மூச்சும்தான் சண்டைக்கும் வேண்டும். களைத்தவனால் வேகமாக முழங்க முடியாது. பொய் சொல்ல வழியில்லை. முழக்கத்தில் சமமாக நின்றவர்கள் அடுத்த படிக்குப் போவார்கள். சில மீற்றர் இடைவெளியில் அருகருகே, விறைத்த நடையில், பல நிமிடம் நடப்பார்கள். அதிலும் தீராவிட்டால்தான் கொம்பு கோர்ப்பது.

பின்னால் வந்த ஒலி ஆய்வுகள் இன்னும் நுணுக்கமானவை. மனிதனுக்கு மட்டுமே குரல்வளை தொண்டையில் கீழே இறங்கியிருக்கிறது, பேச்சு வந்ததற்கு அதுதான் காரணம் என்று ஒரு கருத்து பலகாலம் நின்றது. 2001இல் டெக்கம்சே பிட்ச், டேவிட் ரெபி இருவரும், செம்மான் கலை முழங்கும்போது குரல்வளையை நெஞ்செலும்பு வரை இழுத்து இறக்குவதைக் காட்டினார்கள். குழல் நீண்டால் ஒலி கனக்கும். கேட்பவருக்கு உடம்பு பெரிதாகத் தெரியும். ஆனால் நெஞ்செலும்புக்குக் கீழே இறக்க இடமில்லை. ஆகவே பெரிய உடம்புக்காரனே மிகக் கனமான குரலைக் காட்டமுடியும். ரெபியும் கரென் மக்கோமும் 2003இல் அந்த ஒலியிலிருந்தே கலையின் வயதும் எடையும் ஓரளவு தெரியும் என்று நிறுவினார்கள். வாப்பிட்டி இதற்கு நேர்மாறு. அத்தனை பெரிய உடம்பிலிருந்து, செம்மானின் 100 ஹெர்ட்ஸ் அளவான முழக்கத்துக்குப் பதிலாக, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஒரு சீழ்க்கை எழும். முதன்முறை கேட்பவர் யாரோ நாதஸ்வரச் சீவாளியைச் சரிபார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

அப்படியானால் சண்டை? சண்டை இருக்கிறது, ஆபத்தானதும்கூட. றம் தீவில் ஐந்து வயதைத் தாண்டிய கலைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஒவ்வொரு பருவத்திலும் ஏதோ ஒரு காயம் வாங்குகிறது; 6 சதவீதம் வரை நிரந்தர ஊனம். அதனால்தான் அவை சண்டையைத் தவிர்க்க இத்தனை சடங்கு வைத்திருக்கின்றன. கலையின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால் முழங்குவது, பிணைகளைச் சுற்றி நடப்பது, மோந்து பார்ப்பது, சேற்றில் புரள்வது, நிற்பது. பெரும்பாலும் நிற்பதுதான். மேய்ச்சலை ஏறக்குறைய மறந்துவிடுவதால் சில வாரங்களில் உடல் எடையில் ஐந்திலொரு பங்கு வரை கரையும். ஒக்டோபர் கடைசியில் அதே கலையைப் பார்த்தால் விலா தெரியும்.

படங்களைப் பாருங்கள். போட்டிகளில் பரிசு பெற்றவை, நாட்காட்டிகளில் அச்சானவை, தொலைபேசியில் வருபவை எல்லாவற்றிலும் சண்டைதான். இல்லாவிட்டால் பிளந்த வாய். விலா தெரியும் கலையை யாரும் சட்டம் போட்டு மாட்டியதாகக் காணோம். இந்தப் பழக்கம் கமராவுக்கும் முந்தியது. எட்வின் லான்ட்சீர் 1851இல் வரைந்து முடித்த, மலைமேல் நிற்கும் செம்மான் கலையின் ஓவியம் விஸ்கிப் போத்தல் வரை போய்ச் சேர்ந்தது. அதிலும் பிணை இல்லை, களைப்பு இல்லை. வீடியோ ஒலியையும் பிடிக்குமே என்று கேட்கலாம். பிடிக்கும். ஆனால் பகிர்வதற்கு முன் அதன்மேல் இளையராஜாவையோ வேறு யாரையோ ஏற்றிவிடுகிறோம்.

பிணைகள் படத்திலிருந்து விழுந்துபோனது சிறிய இழப்பல்ல. கலை அவற்றை வைத்திருக்கிறது என்பது பாதி உண்மைதான். அவை ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்கின்றன. எட்டத்தில் நிற்கும் இளங்கலைகள் தலைவன் சண்டைக்குப் போகும் இடைவெளியில் உள்ளே நுழைகின்றன. பிணைகள் குரலைத் தரம்பிரித்துக் கேட்கின்றன என்பதும் ஒலிபெருக்கி வைத்துச் செய்த சோதனைகளில் தெரிந்தது. அவற்றுள் மக்கோம் 1987இல் வெளியிட்ட முடிவு எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது: பதிவுசெய்த முழக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பிணைகள், கேளாதவற்றைவிட முந்திப் பருவத்துக்கு வந்தன. குரல் வெறும் மிரட்டலாக நிற்காமல் உடம்புக்குள் போய் வேலைசெய்கிறது. மானை வரவழைப்பதற்குத் தொலைபேசியில் குரலைப் போட்டுக் காட்டுக்குள் நிற்கும் படக்காரர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை இந்த முடிவோடு சேர்த்து யோசித்துப் பார்க்கவேண்டும்.

இப்போது நம்மூருக்கு வருவோம். ரொறன்ரோவின் நிலப்பரப்பில் 17 சதவீதம் அளவு, ஏறக்குறைய 11,000 ஹெக்ரேயர், பள்ளத்தாக்கு. டொன் ஆறு, ஹம்பர், ஹைலண்ட் ஓடை, றூஜ் என்று வடக்கிலிருந்து ஏரிக்கு இறங்கும் இந்தப் பள்ளங்கள் மான்களுக்குச் சாலை. சில சமயம் அவை சாலையைத் தவறவிடுவதும் உண்டு. 2009 நவம்பரில் ஒரு மான் நகரின் நடுமையத்துக்கே வந்து சேர்ந்து பொலிசார் மின்னதிர்ச்சி கொடுத்துப் பிடிக்கவேண்டியதாயிற்று. மாதத்தைக் கவனியுங்கள், நவம்பர்.

றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா 2015இல் தனிச்சட்டத்தால் அமைந்தது. பரப்பு 79 சதுர கிலோமீற்றர். ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் மூன்றையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. உலகில் தமிழர் இவ்வளவு செறிந்து வாழும் புலம்பெயர் ஊர்கள் குறைவு. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் காட்டு மான் என்பது கிளிநொச்சியை விட்டு வந்தவர்களுக்கு ஆச்சரியமில்லாமல் இருக்கலாம். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு ஆச்சரியம்தான். செப்டெம்பர் கடைசியில் ஹைலண்ட் ஓடையிலும் றூஜ் ஆற்றிலும் சினூக் சல்மன் மீன்கள் எதிரேறுவதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அந்தக் கூட்டம் கலைந்து மூன்று, நான்கு வாரம் கழித்து, பாதைகள் வெறிச்சோடிய பிறகு, மானின் காலம் தொடங்குகிறது.

வெள்ளைவால் மானின் ஒழுங்கு முற்றிலும் வேறு. கலை கூட்டம் சேர்ப்பதில்லை. பருவத்துக்கு வந்த ஒரு பிணையை மோந்தறிந்து, ஓரிரு நாள் அதன் நிழலாகத் தொடர்ந்து, பிறகு அடுத்ததைத் தேடிப் போகும். இங்கே விளம்பரம் குரலில் இல்லை, மணத்தில். ஆகவே மானைத் தேடுவதற்கு முன் எழுத்தைத் தேடவேண்டும். இளமரத்தண்டில் முழங்கால் உயரத்திலிருந்து இடுப்புயரம் வரை பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தால், கலை கொம்பையும் நெற்றியையும் தேய்த்த இடம். நெற்றியில் மணச்சுரப்பி இருக்கிறது. தாழ்ந்த கிளையொன்றின் கீழே இலைச்சருகு முற்றாக விலக்கப்பட்டு, வட்டமாகக் கறுத்த மண் தெரிந்தால், குளம்பால் கீறி, பின்னங்கால் முட்டியிலுள்ள சுரப்பிமீது சிறுநீர் வழியவிட்டு ஈரமாக்கிய இடம். மேலே தொங்கும் கிளைநுனி கடிபட்டிருக்கும். அதில் வாயையும் கண்ணோரத்தையும் தேய்த்திருக்கும். ஒரு கலை எழுதியதை இன்னொன்று வந்து வாசிக்கும், தானும் எழுதும். சுவரொட்டிக்குமேல் சுவரொட்டி ஒட்டும் தேர்தல் காலம்தான். பெரும்பாலும் இரவில்.

குரல் முற்றாக இல்லை என்றும் சொல்லக்கூடாது. பிணையைத் தொடரும்போது பன்றி உறுமுவது மாதிரிக் குட்டைக் குட்டையாக ஓர் ஒலி. எதிரியைக் கண்டால் மூக்கால் சீறிவிட்டு நீளமாக இழுக்கும் ஒரு மூச்சு. இருபது மீற்றருக்கு அப்பால் காற்று அடித்தால் கேட்காது. மிரட்டலும் உடம்பால்தான்: காதுகளைப் பின்னால் மடக்கி, முதுகு மயிரைச் சிலிர்த்து, உடம்பைப் பக்கவாட்டில் காட்டி நண்டு நடையில் நெருங்கும். கலை தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டி நிற்கும் காட்சி பலருக்குச் சிரிப்பாகத் தெரியும். அது பிணையின் சிறுநீர் மணத்தை மேலண்ணத்தின் மோப்ப உறுப்புக்கு ஏற்றிப் பரிசோதிப்பது. ரொறன்ரோவில் எடுக்கக்கூடிய மிகச் சிறந்த நடத்தைப் படம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதில் ஒரு கேள்வி இருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

பெரிய கொம்புதான் எல்லாம் என்ற நம்பிக்கையும் இங்கே ஆட்டம் காண்கிறது. மரபணு வழித் தந்தைமைச் சோதனைகள் வந்த பிறகு, வெள்ளைவால் மான்களில் இளங்கலைகளும் கணிசமான பங்கு குட்டிகளுக்குத் தந்தையாவது தெரிந்தது. ஒரே ஈற்றில் வந்த இரட்டைக் குட்டிகளுக்குத் தந்தை வேறு வேறாக இருப்பதும் உண்டு. கொம்புக் கிளை எண்ணும் கூட்டம் இதை விரும்பாது.

செம்மானின் உறவினனைப் பார்த்தேயாகவேண்டும் என்பவர்களுக்கு ஒன்ராறியோவில் ஒரு வழி இருக்கிறது. இந்த மாகாணத்தின் வாப்பிட்டிகள் வேட்டையாலும் காடழிப்பாலும் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துபோயின. 1998 முதல் 2001 வரை அல்பேர்ட்டாவின் எல்க் தீவு தேசியப் பூங்காவிலிருந்து 443 வாப்பிட்டிகளைக் கொண்டுவந்து நான்கு இடங்களில் விட்டார்கள். நன்றாகப் பெருகிய கூட்டம் ரொறன்ரோவுக்கு வடகிழக்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணத்திலுள்ள பான்கிராஃப்ட் பக்கத்துக் கூட்டம். 2011இல் அங்கே குலுக்கல் முறையில் மட்டுப்படுத்திய வேட்டையும் தொடங்கிவிட்டது. அவற்றின் காலம் செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை. விடியுமுன் காரைப் பாதையோரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காது கொடுத்தால் போதும். படம் கிடைக்காவிட்டாலும் அந்தச் சீழ்க்கை கிடைக்கும்.

இன்னொரு வழி ஹை பார்க் விலங்குச்சாலை. 1893இல் மான்களை அடைத்து வைத்ததிலிருந்துதான் அது தொடங்கிற்று. குழந்தைகளோடு போகலாம், கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று நடத்தையைப் பழகலாம். அந்தப் படத்தைக் காட்டு மான் என்று சொல்லாதவரை தப்பில்லை. லண்டனில் 2009ஆம் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் படம் என்று பரிசு பெற்ற ஓநாய்ப் படம், பழக்கப்பட்ட வளர்ப்பு ஓநாய் என்ற முடிவுக்கு நடுவர்கள் வந்ததால், 2010 ஜனவரியில் பரிசை இழந்தது.

இந்தப் பேரேரிப் பகுதிக்கும் மான் படத்துக்கும் உள்ள உறவு பழையது. ஜோர்ஜ் ஷைரஸ் என்ற அமெரிக்கர் சுப்பீரியர் ஏரியின் தென்புறத்தில் படகின் முன்னால் விளக்கை வைத்துக்கொண்டு, இரவில் தண்ணீர் குடிக்கவரும் வெள்ளைவால் மான்களை வெடிமருந்து வெளிச்சத்தில் படமெடுத்தார். படகின் முனையில் தீ வளர்த்து மானை மயக்கும் உத்தி ஒஜிப்வே மக்களின் வேட்டை முறை. துப்பாக்கி இருக்கவேண்டிய இடத்தில் அவர் கமராவை வைத்தார். மான் தானே கயிற்றை இழுத்துப் படமாகும் பொறியையும் அமைத்தார். 1906 ஜூலையில் நஷனல் ஜியோகிரபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இன்று மரத்தில் கட்டிவைக்கும் பொறிக் கமராவின் பாட்டன் அது.

நமது பக்கத்தில் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் இருக்கமுடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். பல கமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே பொருத்திய கருவிக்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்தார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் சாகும்வரை எழுதிவந்த பத்திகளில் மான் எத்தனையோ முறை வந்துபோகும். அவருடைய படங்கள் இன்றைய கண்ணுக்கு மங்கலாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் மிருகம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரியும், அவர் அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்திருப்பார் என்பதும் தெரியும். எழுதத் தெரிந்தவர் எடுத்த படங்கள் அவை.

கருவியைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு மட்டும். மான், வாப்பிட்டி, மூஸ் ஆகியவற்றிலிருந்து 30 மீற்றராவது தள்ளி நில்லுங்கள் என்கிறது கனடாப் பூங்காக்கள் துறை. றிச்மண்ட் பூங்காவில் 50 மீற்றர். முழுச்சட்ட உணரியுள்ள கமராவில் 400 மில்லிமீற்றர் லென்ஸைப் பொருத்தினால், 30 மீற்றர் தூரத்தில் சட்டத்துக்குள் விழும் அகலம் 2.7 மீற்றர். ஒரு வெள்ளைவால் கலை மூக்கிலிருந்து வால்வரை அதற்குள் தாராளமாக நிறைந்துவிடும். 50 மீற்றரில் 4.5 மீற்றர், கலையும் பிணையும் இரண்டுமே அடங்கும், அவற்றுக்கிடையிலுள்ள வெளியும் அடங்கும். கூடல் காலத்தில் படமாக்கவேண்டியது அந்த வெளியைத்தான். கிட்டப் போனால் தலை மட்டும் கிடைக்கும். அந்தத் தலையும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். காதிரண்டும் நம் பக்கம் திரும்பி, முன்கால் நிலத்தைத் தட்டினால், நாம் எடுப்பது கூடல் காலத்தின் படமல்ல, நம்முடைய வருகையின் படம்.

மற்றவை பொது அறிவு. கனடாவின் தேசியப் பூங்காக்களில் விலங்குக்கு உணவு போட்டால் 25,000 டொலர் வரை தண்டம் வரலாம். திருகோணமலைக் கோட்டை மான்கள் பொலித்தீன் பையோடு சேர்த்து மிச்சச் சோற்றைத் தின்பதைப் பார்த்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. றூஜில் வேட்டை இல்லை. ஆனால் நகரைவிட்டு வடக்கே போனால் நவம்பர் துப்பாக்கி வேட்டையின் மாதமும்கூட. மண்நிற உடுப்பில் ஒளிந்து படமெடுக்கும் ஆசையை விட்டுச் செம்மஞ்சள் மேற்சட்டை போடுவது புத்தி. மானுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது, வேட்டைக்காரருக்குத் தெரியும். றூஜை ஒட்டிய மெடோவேல் வீதியிலும் ருவின் றிவர்ஸ் வளைவுகளிலும் நவம்பர் அந்தியில் கார் ஓட்டும்போது, ஒரு பிணை வீதியைக் கடந்தால் பிறேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள். பின்னாலேயே கலை வரும், அது வீதியைப் பார்க்காது.

றம் தீவுக்கு ஒருமுறை திரும்பவேண்டும். 2011இல் அங்கிருந்து வந்த ஆய்வொன்று, 28 ஆண்டுப் பதிவுகளை அடுக்கிப் பார்த்து, கொம்புத்தோல் உரிவது, கூடல் தொடங்குவது, குட்டி ஈனுவது போன்றவை 5 முதல் 12 நாட்கள் வரை முன்னுக்கு நகர்ந்திருப்பதைக் கண்டது. வசந்தமும் கோடையும் வெப்பமானதோடு அது ஒத்துப்போயிற்று. இதை எந்தப் பரிசுப் படமும் காட்டியிருக்க முடியாது. தினமும் அதே மேட்டில் அதே நேரம் போய் நின்று, 'இன்று முதல் முழக்கம்' என்று ஒருவர் தேதி போட்டு எழுதியதால் கிடைத்தது. றூஜின் மான்களுக்கு அப்படி ஒரு குறிப்பேடு தேவை. பத்து நிமிடத் தூரத்தில் வீடு வைத்திருக்கிறவர்களால்தான் அது முடியும். கமரா அதற்கு இடைஞ்சலல்ல. ஒவ்வொரு படமும் தேதியும் நேரமும் தானாகவே எழுதிக்கொள்கிறது. வெறும் கிளையைப் படமெடுக்கும் மனம் மட்டும் வேண்டும்.

என் குறிப்பேட்டில் றூஜின் விஸ்தா பாதைக்குக் கீழே ஒரு மரத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். ஒக்டோபர் 26: பட்டை உரிந்திருக்கிறது, பால் இன்னும் ஈரம். நவம்பர் 3: கிளைக்குக் கீழே மண் கீறல், ஒரு முழ அகலம். நவம்பர் 9: கீறல் பெருத்திருக்கிறது, மணம் எனக்கே அடிக்கிறது. நவம்பர் 15: புதிய கிளை முறிந்திருக்கிறது, இரண்டு அளவில் குளம்படி. நவம்பர் 28: கீறலின்மேல் இலை விழுந்து மூடிவிட்டது. மானை ஒரு நாளும் காணவில்லை.